நான் நிறுத்தியிருந்த மாதங்கள்

மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டரம்மா சொன்ன அதே வாரத்தில்தான், எனக்கு இனி அதிக நாள் இல்லை என்று எங்கள் சபையில் பேசிக்கொள்வது என் காதில் விழுந்தது. டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். சபையார் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

நாங்கள் அப்போது லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம், நானும் என் மகளும். கண்டோன்மெண்ட் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் தமிழ் ஆசிரியை. என் கணவர் தொண்ணூற்றேழில் இறந்துபோனார். இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். இருமல் என்று ஆரம்பித்து, காசநோய் என்று சொல்லி, அது மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்கு மேல் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அதில் சிவப்பு மையால் மூன்று ஆங்கில எழுத்துகள். அதன் பிறகு சாப்பாடு கொண்டு வருகிறவள்கூடத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். எப்படி வந்தது, யாரால் வந்தது என்று அவரிடம் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. நான் அந்த அட்டையைப் படித்த அன்று அவருக்குப் பேச்சு நின்று மூன்று நாளாகியிருந்தது.

எனக்கும் மகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு இல்லை. எனக்கு இருந்தது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் அண்ணன். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் அப்பா அம்மாவின் வீட்டில் அண்ணியோடு இருந்தார், வங்கியில் வேலை. பரிசோதனை முடிவை வாங்கி வந்த அன்று ஆட்டோவில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லாத. உன் அண்ணிகிட்டகூட வேணாம்."

நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு வெளிநாட்டில் மருந்து இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். அது எங்களுக்கானது இல்லை என்பதும் தெரிந்திருந்தது. ஐந்து வருடம் எதையோ எதிர்பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போய் வந்தேன். கரும்பலகையில் 'அ' எழுதிக்கொண்டிருக்கும்போது, இந்த வருடப் பிள்ளைகள் 'ஃ' வரை வருவதற்குள் நான் இருப்பேனா என்று நினைத்துக்கொள்வேன்.

2002 ஜனவரியில் அது வந்தது. வாய்க்குள் வெள்ளை படர்ந்து, சோறு விழுங்க முடியாமல் போனது. முப்பத்தாறு கிலோவுக்கு இறங்கினேன். அண்ணன் விசாரித்து, ஊரின் மறுபக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கேதான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். என் நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். இப்போது இந்த மருந்து இங்கேயே தயாராகிறது, மூன்று மருந்து ஒரே மாத்திரையில் வருகிறது என்றார். அண்ணன் மாதாமாதம் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார்.

டாக்டரம்மா அன்று ஒரு மணி நேரம் பேசினார். முதல் பதினான்கு நாள் காலையில் ஒரு விதம், மாலையில் வேறு விதம். அதற்குப் பிறகு இரண்டு வேளையும் ஒரே மாத்திரை. உடம்பில் தடிப்பு வரலாம், அதோடு காய்ச்சலோ வாயில் புண்ணோ வந்தால் உடனே ஓடி வர வேண்டும். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. உயிரோடு இருக்கும் வரை சாப்பிட வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அந்த நாற்காலியில் நேராக உட்காரவே எனக்குத் தெம்பில்லை. அவர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன்.

பத்தாம் நாள் தடிப்பு வந்தது. முதுகும் வயிறும் சிவந்து அரித்தது. வீட்டுக்கார அம்மா என் கையைப் பார்த்துவிட்டு அம்மை என்று முடிவு செய்து, எங்கள் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டுப் போனார். நானும் மறுக்கவில்லை. அம்மை என்றால் யாரும் உள்ளே வர மாட்டார்கள், யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். டாக்டரம்மா பார்த்து, பயமில்லை, தொடரலாம் என்றார். ஒரு வாரத்தில் அடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் காலை அடுப்படியில் நின்றுகொண்டே பானையிலிருந்து அவரைக்காய்க் குழம்பை விரலால் தொட்டுச் சாப்பிட்டேன். பிறகு கரண்டியால். மகள் வந்து பார்த்துவிட்டு இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். ஜூனில் பள்ளி திறந்தபோது நாற்பத்தெட்டு கிலோ இருந்தேன். பஸ் ஸ்டாப் வரை எங்கும் நிற்காமல் நடந்தேன். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் எண் நூற்றுக்கும் கீழே கிடந்தது, வருடம் திரும்புவதற்குள் முந்நூறைத் தொட்டது. டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். நான் ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வாங்கிக் குடித்தேன். இனி மகளின் கல்யாணம்வரை நினைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் கால். இரண்டாவது வருடத்தின் தொடக்கத்தில் உள்ளங்காலில் எரிச்சல் ஆரம்பித்தது. வெயில் நேரத்தில் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்பது போல இருக்கும். பிறகு விரல்கள் மரத்துப்போயின. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீதியில் நடந்திருக்கிறேன். வகுப்பில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எடுத்தேன். தலைமை ஆசிரியை இரண்டு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது நன்றாக இல்லை என்றார். சர்க்கரை என்று பொய் சொன்னேன். டாக்டரம்மாவிடம் காலைப் பற்றிச் சொன்னேன், ஆனால் குறைத்துச் சொன்னேன். கொஞ்சம் எரிகிறது, அவ்வளவுதான் என்றேன். அதிகமாகச் சொன்னால் மாத்திரையை எடுத்துவிடுவாரோ என்று அப்போது பயந்தேன்.

பிறகு முகம். கன்னத்தில் சதை மெல்ல மெல்ல இறங்கியது. கன்ன எலும்புக்குக் கீழே இரு பக்கமும் குழி விழுந்தது. கையிலும் காலிலும் நரம்பு கயிறு போல மேலே வந்தது. வயிறு மட்டும் முன்னால் வந்தது. உட்காரும் இடத்தில் சதையே இல்லாமல் போய், எங்கள் சபைக் கோயில் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எலும்பு மரத்தில் அழுந்தி வலிக்கும். துணிப்பையில் ஒரு சின்ன மெத்தையைப் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை ஒருநாள் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, மிஸ், நீங்க வாயை உள்ள இழுத்து வச்சிருக்கீங்களா என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கன்னத்தை உள்ளே இழுத்துப் பார்த்தார்கள்.

இதே நேரத்தில் ரத்தத்தில் அந்த எண் ஏறிக்கொண்டே போனது. என் கணவர் சாவதற்கு முந்தைய மாதங்களில் எப்படி இருந்தாரோ அப்படி நான் கண்ணாடியில் தெரிந்தேன். சபையில் அவரைப் பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் எனக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னபோது, என்ன காரணம் என்று யாருமே கேட்கவில்லை.

அவளை நான் சந்தித்தது அப்போதுதான்.

சிவாஜிநகரிலிருந்து வரும் சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சேலைத் தலைப்பால் தாடையை மூடியிருந்தாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தலைப்பைத் தளர்த்தி, குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களும் காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு சாப்புடுறீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு, என் ஸ்டாப்புக்கு முன்பே இறங்கி அந்தக் காலோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆனால் அவள் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. அதே குழி, அதே எலும்பு. மறுவாரம் அதே பஸ்ஸில் அவளைப் பார்த்ததும் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சிரித்தாள். இரண்டு பேரும் லிங்கராஜபுரம்வரை ஒன்றாக வந்தோம்.

ஆயத்த ஆடை ஃபேக்டரியில் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். புருஷன் ஆட்டோ ஓட்டினான். இருவருக்குமே நோய் இருந்தது, ஒரு தொண்டு ஆஸ்பத்திரி மூலம் இருவரும் மருந்து சாப்பிட்டார்கள். பிறந்த ஒரு குழந்தையும் ஆறு மாதத்தில் போய்விட்டது. புருஷனுக்கு முகம் அப்படியே இருக்க, தனக்கு மட்டும் இப்படி ஆனது அவளுக்குத் தாங்கவில்லை. ஃபேக்டரியில் காசநோய் என்று நினைத்து அவளுடைய மெஷினைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்களாம். தங்கையின் கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறபோது இரண்டு கன்னத்திலும் கமர்கட்டு அடக்கிக்கொண்டு நின்றதாகச் சொன்னாள். எச்சில் வழிந்துவிடுமோ என்ற பயத்தில் சிரிக்கவே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவ்வளவு வருடத்தில் இந்த நோயைப் பற்றிப் பேசி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

என்னை டீச்சரக்கா என்று கூப்பிட்டாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஆங்கிலக் காகிதத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். நான் படித்து, தெரிந்தவரை தமிழில் சொன்னேன். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று என்னிடம்தான் கேட்டாள். போ என்றேன், போனாள். டீச்சரக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தன் புருஷனிடம் சொல்வாளாம்.

2004இல் என் மகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் திடப்படுத்தல் ஆராதனை வருவதாக இருந்தது, டிசம்பர் கடைசியில். அவளுக்குப் பதின்மூன்று வயது. வெள்ளை உடை, சொந்தக்காரர்கள், ஆயரோடு போட்டோ. அந்தப் போட்டோவில் நானும் நிற்க வேண்டும். அந்த வருட நடுவில் அண்ணன் வீட்டில் ஒரு சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். பந்தியில் எல்லோர் முன்பும் அண்ணி என்னைப் பார்த்து, உடம்புக்கு என்னன்னு இன்னும் சொல்ல மாட்டேங்கிற என்றார். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்தில் இரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். எண் முந்நூற்றுக்கு மேல் இருக்கிறதே, கொஞ்ச நாள் நிறுத்தினால் என்ன, மகளின் ஆராதனைக்குள் முகம் திரும்பிவிடும், பிறகு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். ஜூலை முதல் வாரத்தில் நிறுத்தினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் மாதாமாதம் புட்டியில் இருப்பதை எண்ணிப் பார்ப்பார் என்ற பயத்தில் தினமும் இரண்டு மாத்திரையை எடுத்துக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். டாக்டரம்மா கேட்டபோது ஒரு வேளையும் தவறவில்லை என்றேன். முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது. காலையில் குமட்டல் இல்லை. கால் எரிச்சல்கூடக் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் ஆரம்பத்தில் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள், வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"நான் மாத்திரைய நிறுத்திட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு. ஒண்ணும் ஆகல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் சொல்லியா என்று கேட்டாள். டாக்டருக்குத் தெரியாது என்றேன். இறங்குகிற இடம் வந்ததும் கேட்டாள்.

"மூஞ்சி திரும்ப வருமா டீச்சரக்கா?"

"வரும்னு நெனக்கிறேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீயும் நிறுத்து என்று சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டுவிட்டேன். ஒரு தடவைகூட அது எனக்கு ஆறுதலாக இருந்ததில்லை.

நவம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. வாயில் மறுபடி வெள்ளை. பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். அந்த நிலையிலும் மாத்திரையை எடுத்துப் போடுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் காலை, சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டேன் போல. மகள் உள்ளே போய்விட்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மம்மி, ஏன் மருந்தைத் தூக்கிப் போடுறீங்க?"

சத்து மாத்திரை, பழசாகிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. அலமாரியைத் திறந்து டீத்தூள் டின்னுக்குப் பின்னால் இருந்த புட்டியை எடுத்தாள். அதிலிருந்து ஒரு மாத்திரையை நோட்டுக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். லிங்கராஜபுரத்திலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன்வரை நடந்தே போயிருக்கிறாள்.

ஒரு மணி நேரத்தில் மூன்று பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அண்ணன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணிதான் உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"எனக்கு ஏழு வருஷமாத் தெரியும்" என்றார். "அவரு செத்த அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

ஆட்டோவில் வரும்போதே அண்ணன் என் மகளிடமும் சொல்லியிருந்தார். அவள் என் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள். அதிலேயே கோயிலுக்கு எடுத்துப் போகிற அந்தச் சின்ன மெத்தையையும் வைத்தாள். அது எதற்கு என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. ரத்தக் காகிதம் வந்ததும் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எண் மறுபடி நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. மூன்று மருந்தையும் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும், ஒன்று மட்டும் வாரக்கணக்கில் தங்கும், தனியாக இருக்கிற அந்த ஒன்றை ஏமாற்றக் கிருமி கற்றுக்கொண்டுவிடும் என்று விளக்கினார். இனி அது எனக்குக் கேட்குமா கேட்காதா என்று இப்போது சொல்ல முடியாது, ஆரம்பித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். முகம் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா. மூணுல ஒண்ணுதான் இதைப் பண்றது. காலுக்கும் அதேதான். அதை மட்டும் மாத்தியிருப்பேன்."

பக்கத்தில் அண்ணி இருந்தார். நான் அழவில்லை. எனக்கு அந்த நிமிடம் பஸ் ஜன்னல்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவளைப் பார்த்து எத்தனை வாரம் ஆகிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

உடனே போய் அவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் போன் கிடையாது. வீடு எந்தச் சந்து என்று மட்டும் தெரியும். அண்ணியை அனுப்பியிருக்கலாம், ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் படுக்கையில் இருந்தேன் என்பது உண்மைதான். அவள் நிறுத்தியிருக்க மாட்டாள், புருஷன் விட்டிருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்மை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பயம்தான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மை. புது மருந்து வாந்தியாக வந்தது, ஒரு மாதம் அதோடு போராடினேன். மகளின் ஆராதனைக்கு அண்ணி கைத்தாங்கலாக அழைத்துப் போனார். போட்டோவில் நின்றேன். கன்னம் அப்படியேதான் இருந்தது.

ஜனவரியில் அந்தச் சந்துக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரி பேரைச் சொன்னாள். அங்கே பொது வார்டில் அவள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தாள். நுரையீரலில் தொற்று. ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. புருஷன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"டீச்சரக்கா, நீங்க திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆரம்பிச்சுட்டேன்."

"நல்லது" என்றாள். நிஜமாகவே நிம்மதியடைந்தவள் போலத் தலையை ஆட்டினாள்.

மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புருஷன் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து, அவள் போய்விட்டதைச் சொன்னாள். மறுபடி மாத்திரை ஆரம்பித்திருந்தார்களாம். உடம்பு அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

எனக்கு உடம்பு நேரம் கொடுத்தது. புது மாத்திரையில் நகங்கள் கறுத்து நீலமாகின, ரத்தம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் எண் மறுபடி ஏறியது. கிருமி கற்றுக்கொண்டிருக்கவில்லை. ஏன் எனக்கு அப்படி, ஏன் அவளுக்கு இப்படி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், அவளை யாரென்று சொல்லாமல். ஆரம்பத்தில் எந்த அளவுக்குக் கீழே இறங்கியிருந்தாள் என்பதைப் பொறுத்தது என்றார். வேறு என்ன சொல்வார்.

அடுத்த வருடம் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே மருந்து கொடுப்பதாக அண்ணன் விசாரித்து வந்தார், நானும் அங்கே மாறினேன். மாத முதல் வாரத்தில் நீளமான வரிசை. மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் அவளுடைய புருஷன் நின்றிருந்தான். அவள் ஒரு தடவை போட்டோவில் காட்டியிருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவனும் என்னைப் பார்த்தான். என் கன்னத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். வரிசையை விட்டு என் பக்கம் வந்தான். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் எதுவும் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், நான் நிறுத்தியதையும் அதை அவளிடம் சொன்னதையும்.

"தெரியும்" என்றான். "டீச்சரக்கா நிறுத்திட்டாங்க, நல்லாத்தான் இருக்காங்கன்னு சொன்னா. நிறுத்தட்டுமான்னு என்னைக் கேட்டா. சரி, கொஞ்ச நாள் பாருன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்க நிறுத்தலயா?"

"எனக்குத்தான் மூஞ்சி நல்லா இருந்துச்சே."

அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். உள்ளேயிருந்து அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனான். அன்று அவன் என்னை மன்னித்ததாக நான் நினைக்கவில்லை, மன்னிக்காமல் போனதாகவும் நினைக்கவில்லை. தன் பங்கைச் சொல்ல அவனுக்கும் அவ்வளவு நாள் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

அதன் பிறகு பல மாதங்கள் அந்த வரிசையில் சந்தித்தோம். சில மாதம் பேசுவோம், சில மாதம் தலையை மட்டும் ஆட்டுவோம். இரண்டு வருடம் கழித்து அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். அதே இடத்துக்கு மருந்துக்கு வரும் ஒரு பெண்தான். ஒரு சின்ன முருகன் கோயிலில் நடந்தது, எனக்குப் பத்திரிகை கொடுத்தான். போவதா வேண்டாமா என்று தடுமாறினேன். நான் வருகிறேன் வா என்று அண்ணி கிளம்பிவிட்டார். பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், மஞ்சள் பட்டு உடுத்தியிருந்தாள். கன்னம் இன்னும் கெடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, உங்களைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார் என்றாள். என்ன சொல்லியிருப்பான் என்று நான் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு மாதமாக உள்ளங்கால் எரிகிறது, இது எல்லோருக்கும் வருவதுதானா, தாங்கிக்கொண்டு சாப்பிட வேண்டியதுதானா என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது, டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். என்னிடம் கேட்காதே என்றும் சொன்னேன். நான் பேசிய விதம் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். ஈரக் கையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நானே அவளை அழைத்துக்கொண்டு போய் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்தேன். மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். அவள் காலைத் தொட்டுப் பார்த்து, அந்த ஒரு மருந்தை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அவளுக்கு எரிச்சல் போய்விட்டது. எனக்கு இன்னும் இருக்கிறது. ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள், இனி முழுதாகப் போகாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார்.